குளிர் மாதங்களில் ஏறும் மின்பட்டியல்: சுடுநீருக்கு ஒரு வரவு செலவுக் கணக்கு

டிசம்பர் பிறந்ததும் கொழும்பிலும் கரையோரப் பகுதிகளிலும் இரவு நேரத்தில் மின்விசிறிகள் ஓய்வெடுக்கத் தொடங்கி விடுகின்றன. ஒரு கூரை விசிறி சுமார் 70 வொட் மின்சாரத்தை உபயோகிக்கின்றது. மூன்று விசிறிகள் இரவில் எட்டு மணித்தியாலம் சுழலும் வீடொன்றில் இது மாதத்துக்கு ஏறக்குறைய 50 அலகுகள். ஆகவே, ஜனவரி மாதத்து மின்பட்டியல் கணிசமாகக் குறைந்திருக்க வேண்டும். ஆனால், பல வீடுகளில் அது குறைவதில்லை. நுவரெலியா, பண்டாரவளை, வெலிமடை, ஹட்டன் போன்ற பகுதிகளில் வாழும் எமது சகோதரர்களின் வீடுகளிலோ அது ஏறியே விடுகின்றது. விசிறி விட்டுக்கொடுத்த அலகுகளை விழுங்குவது யார் என்று தேடினால், அநேகமாக விடை குளியலறையில்தான் இருக்கும்.

முதலில் கட்டண முறையைப் பார்ப்போம். இலங்கையில் வீட்டு மின்சாரத்துக்கு எல்லா அலகுகளுக்கும் ஒரே விலை கிடையாது. படிப்படியாக ஏறும் கட்டணம். 60, 90, 180 ஆகிய எண்கள் இதில் முக்கியமான எல்லைகள். மாதப் பாவனை 60 அலகைத் தாண்டினால், முதலாவது அலகிலிருந்தே வேறொரு கட்டண அட்டவணைக்குள் போய் விடுகின்றோம். மேலே உள்ள எல்லைகளைத் தாண்டும்போது, தாண்டிய அலகுகளுக்குக் கூடுதல் விலை என்பதோடு நிலையான மாதக் கட்டணமும் ஒரேயடியாக உயர்கின்றது. அதாவது 179 அலகு பாவித்தவருக்கும் 182 அலகு பாவித்தவருக்கும் இடையிலான வித்தியாசம் மூன்று அலகின் விலை மாத்திரமல்ல. மானி வாசித்த இரு தினங்களுக்கு இடைப்பட்ட நாட்களைப் பொறுத்து இந்த எல்லைகள் சற்றுக் கூடிக் குறையும் என்பதையும் கவனத்திற் கொள்ள வேண்டும்.

2022 ஓகஸ்ட்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்த்தப்பட்டன. இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் ஆறே மாதத்தில் சராசரிக் கட்டணம் ஏறக்குறைய மூன்று மடங்கு! பின்னர் 2024 இல் குறைப்புகள் வந்தன. 2025 ஜனவரியில் 20 சதவீதம் குறைந்து, அதே ஆண்டு ஜூனில் 15 சதவீதம் ஏறியது. ஆணைக்குழு அடுத்து என்ன தீர்மானிக்கும் என்பது எமது கையில் இல்லை. எந்தப் படியில் நாம் நிற்கின்றோம் என்பது மட்டும் ஓரளவுக்கு எமது கையில் இருக்கின்றது.

இனி சுடுநீரின் கணக்குக்கு வருவோம். ஓர் அலகு மின்சாரம் 86 லீற்றர் நீரை 10 பாகை செல்சியஸ் சூடாக்கும். மின்சுருளால் சூடாக்கும் எந்தக் கம்பனியின் ஹீட்டருக்கும் இது பொதுவான கணக்கு. இதை விடக் குறைந்த மின்சாரத்தில் சூடாக்கும் மின்சுருள் ஹீட்டர் என்று எவராவது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம். மலைநாட்டில் குழாய் நீர் 18 பாகையில் வருகின்றது என்றும், குளிப்பதற்கு 40 பாகை தேவை என்றும் வைத்துக்கொள்வோம். 20 லீற்றர் கொண்ட ஒரு வாளி நீருக்கு அரை அலகு போதும். அதே ஆள் நிமிடத்துக்கு 8 லீற்றர் கொட்டும் ஷவரின் கீழ் பத்து நிமிடம் நின்றால் 80 லீற்றர். செலவு இரண்டு அலகு. இரண்டு அலகு என்பது 9 வொட் எல்.ஈ.டி. மின்குமிழ் ஒன்றை ஒன்பது நாட்களுக்கு மேல் அணைக்காமல் எரிய விடுவதற்குச் சமன். பிள்ளைகள் லைட்டை அணைக்க மறந்தால் சத்தம் போடும் வாப்பாமார், ஷவரின் கீழ் நிற்கும் தமது நிமிடங்களை எண்ணுவதில்லை.

நான்கு பேர் தினமும் இப்படி ஷவரில் குளித்தால் மாதத்துக்கு 240 அலகு. வாளியில் குளித்தால் 60. குளிருக்கு ஒரு வாளி போதாது என்பவர் இரண்டு வாளி எடுத்தாலும் ஷவரின் பாதிதான் ஆகின்றது. கொழும்பு போன்ற இடங்களில் மேல்தாங்கி நீர் ஏற்கனவே 27 பாகை அளவில் இருப்பதால் செலவு ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்காகக் குறையும். என்றாலும், விசிறியில் மிஞ்சிய 50 அலகைத் தின்று முடிக்க அதுவே தாராளமாகப் போதும். தண்ணீர்ப் பட்டியலிலும் இதன் பாதிப்பு உண்டு. நீர் வழங்கல் சபையின் ஓர் அலகு 1000 லீற்றர். மேற்சொன்ன நால்வரும் ஷவரில் 9.6 அலகு நீரையும், வாளியில் 2.4 அலகு நீரையும் பாவிக்கின்றார்கள். நீர்க் கட்டணமும் படியேறும் கட்டணம்தான்.

ஹீட்டர் வாங்க நினைப்பவர்கள் அதிகம் கேட்பது, உடனடி ஹீட்டர் நல்லதா, தொட்டி ஹீட்டர் நல்லதா என்பதாகும். உடனடி ஹீட்டரின் வலு பெரிதாக இருப்பதைக் கண்டு பலர் பயப்படுகின்றார்கள். 3.5 கிலோவொட் ஹீட்டர் பத்து நிமிடத்தில் எடுப்பது 0.6 அலகுக்கும் குறைவு. அதற்குக் காரணம் அதன் பலவீனம்தான். மலைநாட்டுக் குளிரில் அதனால் நிமிடத்துக்கு 2.3 லீற்றருக்கு மேல் 40 பாகைக்குச் சூடாக்க முடியாது. நீர் மெல்லியதாக வரும். செலவும் அளவோடு நிற்கும். 3.5 கிலோவொட் என்பது 15 அம்பியர் என்பதனால், 13 அம்பியர் பிளக்கில் அதைச் செருகக் கூடாது. தனி வயர், சரியான பூமித் தொடுப்பு, ட்ரிப் சுவிட்ச் மூன்றும் கட்டாயம். இதற்குச் செலவழிக்கப் பின்வாங்குபவர் வாளியோடு இருப்பதே மேல்.

தொட்டி ஹீட்டரில் நீர் தாராளமாக வரும். 50 லீற்றர் தொட்டியை 60 பாகைக்குச் சூடாக்க 2.4 அலகு தேவை. குளிர்நீர் கலந்தால் அதிலிருந்து 95 லீற்றர் அளவு குளிக்கும் நீர் கிடைக்கும். ஒருவரின் பத்து நிமிட ஷவருடன் அது ஏறக்குறைய முடிந்து விடும். "அணைத்து அணைத்துப் போட்டால்தான் கரண்ட் கூடும், அப்படியே விட்டு விடுங்கள்" என்று சில எலெக்ட்ரீஷியன்மார் சொல்வார்கள். இது தவறு. நாள் முழுவதும் சூடாக வைத்திருக்கும் தொட்டி தனது சூட்டை நாள் முழுவதும் சுவருக்கும் காற்றுக்கும் கொடுத்துக் கொண்டிருக்கின்றது. 30 லீற்றர் தொட்டியை 2 கிலோவொட் ஹீட்டர் அரை மணித்தியாலத்தில் 45 பாகைக்குக் கொண்டு வந்து விடும். அரை மணித்தியாலம் முன்னர் போட்டு, ஒருவர் பின் ஒருவராகக் குளித்து முடித்து, சுவிட்சை அணைப்பதுதான் இலாபம். இரவு பத்தரைக்குப் பின்னர் போட்டால் மலிவு என்ற எண்ணமும் பரவலாக உண்டு. நேரத்துக்கு நேரம் விலை மாறும் கட்டண முறைக்கு விண்ணப்பித்து மாறிய வீடுகளுக்கே அது பொருந்தும். சாதாரண மானிக்கு எந்த நேரமும் ஒன்றுதான்.

கேத்தலையும் விட்டு விட முடியாது. குளிர் காலத்தில் பிளேன்டீ குடிக்கும் தடவைகள் கூடும். இரண்டு கோப்பைக்காக ஒன்றரை லீற்றர் நீரைக் கொதிக்க வைப்பது பல வீடுகளில் வழக்கம். ஒவ்வொரு தடவையும் 0.15 அலகு. ஆறு தடவை என்றால் நாளுக்கு ஓர் அலகுக்குக் கிட்ட. மாதத்துக்கு 25 முதல் 30 அலகு. காலையிலும் அஸருக்குப் பின்னரும் ஒவ்வொரு தடவை கொதிக்க வைத்து ஃபிளாஸ்கில் ஊற்றி வைத்தால் இதில் மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சும். மழைக்குக் காயாத பள்ளிச் சீருடையை அயர்ன் பண்ணியே காய வைக்கும் பழக்கமும் இப்படித்தான். துணியிலுள்ள கால் லீற்றர் நீரை ஆவியாக்கக் குறைந்தது 0.17 அலகு தேவை; நடைமுறையில் இன்னும் கூடும். உடுப்பை முதல் நாளே கழுவி, விசிறியின் கீழ் இரண்டு மூன்று மணித்தியாலம் கட்டி விடுவது மலிவான வழி.

வுழூவின் விடயத்தை நாம் தனியாக நோக்க வேண்டும். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் வுழூச் செய்ததாகவும், ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையான நீரில் குளித்ததாகவும் புகாரி, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் பதிவாகியுள்ளது. ஒரு முத்து என்பது சுமார் முக்கால் லீற்றர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. நிமிடத்துக்கு 6 லீற்றர் ஓடும் பைப்பைத் திறந்து விட்டு இரண்டு நிமிடம் வுழூச் செய்தால் 12 லீற்றர். அதையும் ஹீட்டர் பைப்பில் செய்தால் ஒரு வுழூவுக்குக் கால் அலகுக்கு மேல் மின்சாரம் போகின்றது. நான்கு பேர், ஐந்து வக்து என்று பெருக்கிப் பார்த்தால் நாளொன்றுக்கு ஐந்து அலகுக்கும் மேல்! நடுங்கும் ஸுபஹ் வேளையில் வெந்நீர் தேடுவதில் குறையொன்றும் இல்லை. ஒன்றரை லீற்றர் கொதிநீரோடு குழாய் நீரைக் கலந்தால் ஏழு லீற்றர் வெதுவெதுப்பான நீர் கிடைக்கும். ஜக்கில் எடுத்துச் செய்தால் நால்வரின் வுழூவுக்கு அது தாராளம்; செலவு 0.15 அலகு.

மின்சாரத்தை விட்டு விட்டுக் காஸில் சுடவைப்பது இலாபமா? இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. 12.5 கிலோ காஸ் சிலிண்டர் ஒன்று, சாதாரண அடுப்பில் வீணாகும் சூட்டைக் கழித்துப் பார்த்தால், சுமார் 80 அலகு மின்சாரத்தின் வேலையைச் செய்கின்றது. ஆகவே உங்கள் ஊரில் சிலிண்டரின் விலையை 80 ஆல் வகுத்து, உங்கள் மின்பட்டியலில் கடைசிப் படிக்குரிய ஓர் அலகின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சராசரி விலையோடு அல்ல, கடைசிப் படியின் விலையோடு. நீங்கள் குறைக்கப் போவது அந்தக் கடைசி அலகுகளைத்தான். கீழ்ப்படியில் இருக்கும் குடும்பத்துக்கு மின்சாரமும், 180 ஐத் தாண்டிய குடும்பத்துக்குக் காஸும் இலாபமாக வரலாம். விறகு அடுப்பு உள்ள வீடுகளில், சமைத்து முடித்த தணலில் ஒரு பானை நீரை வைத்து விடுவதற்கு நிகரான சிக்கனம் வேறில்லை. ஆனால் குளிருக்காகக் கரிச்சட்டியை மூடிய அறைக்குள் வைப்பதும், காஸ் ஹீட்டரைக் காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் பூட்டுவதும் உயிராபத்து. அதிலிருந்து வெளிவரும் காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

ரமழான் ஒவ்வோர் ஆண்டும் சுமார் 11 நாட்கள் முன்னோக்கி வருகின்றது. 2026 இல் பெப்ரவரி நடுப்பகுதிக்குப் பின் வந்த நோன்பு, 2028 இல் ஜனவரி இறுதிக்கு வந்து விடும். 2030 இல் ஜனவரியிலும் டிசம்பரிலுமாக இரு தடவை தலைப்பிறை காணவிருக்கின்றோம். அடுத்து வரும் சில வருடங்கள், மலைநாட்டின் மிகக் கடுமையான குளிரில் ஸஹருக்கு எழும்பும் வருடங்கள். வழமைக்கு மேலதிகமாக அதிகாலை நான்கு மணிக்கே கேத்தல், ஹீட்டர், எல்லா அறை விளக்குகளும் வேலை செய்யத் தொடங்கும். நோன்புக்கு முந்திய மாதத்திலேயே வீட்டின் கணக்கைப் பிடித்து வைப்பவருக்குப் பெருநாள் செலவோடு ஒரு பெரிய மின்பட்டியலும் சேர்ந்து வராது.

கணக்குப் பிடிப்பதற்கு ஒரு கொப்பியும் பேனாவும் போதும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆவுக்குப் போகுமுன் மானியின் எண்ணை எழுதி வையுங்கள். 90 க்குள் நிற்க விரும்பும் வீட்டுக்கு வாரத்துக்கு 21 அலகு. 180 க்குள் நிற்க விரும்பும் வீட்டுக்கு 42. இரண்டாவது வெள்ளியிலேயே எண் கூடியிருந்தால், பட்டியல் வருமுன் சரிசெய்ய இன்னும் இரண்டு வாரம் மீதி இருக்கின்றது.