இணைய ஒப்பந்தம் முடியும்பொழுது

1882ஆம் ஆண்டிலேயே சென்னையைப் போலத் தொலைபேசி நிலையம் கண்ட நகரம் கல்கத்தா. இன்று கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பத்தார்க்கு, ஊரிலுள்ள பெற்றோரின் முகத்தைக் காட்டும் சாளரம் கண்ணாடியிழை இணையமே. அதன் ஒப்பந்தம் முடியும்பொழுது பழையதைப் புதுப்பிப்பதா, புதியதை நாடுவதா?

முதலாவது விலை. விளம்பரத்தில் 600 ரூபாய் என்றிருப்பின், 18 விழுக்காடு வரி சேர்ந்து 708 ஆகலாம். அடுத்தது வேகம். எட்டு பிட் சேர்ந்ததே ஒரு பைட். ஆகவே 100 மெகாபிட் என்பது விநாடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட்டே. நால்வர் கொண்ட இல்லத்திற்கு இஃது பெரும்பாலும் போதும். மாத வரம்பு கடந்தபின் வேகம் எவ்வளவு குறையும் என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.

மூன்றாவது முன்பணம். பன்னிரண்டு திங்களுக்குச் சேர்த்துக் கட்டினால் சலுகையுண்டு. ஆயினும் மாற்றல் ஆணைக்குக் காத்திருக்கும் நம்மனோர், எஞ்சிய தொகையும் கருவிக்கான வைப்புத்தொகையும் திரும்புமா என்பதை எழுத்தில் பெறுதல் நலம். அவ்வாறு பெறாமல், வீடு மாறியபொழுது ஐந்து மாதப் பணத்தை இழந்தவன் யான்.

இறுதியாக, சித்திரை வைகாசியில் வீசும் கால்பைசாகிப் புயலில் தெருக்கம்பிகள் அறுவதுண்டு. அறுந்த இணைப்பு எத்தனை நாளில் சீராயிற்று என்று அதே கட்டடத்தில் வாழும் அண்டைவீட்டாரை வினவுங்கள். புதியது சில நாள் செவ்வனே இயங்கக் கண்டபின்னரே பழையதைத் துண்டியுங்கள்.