முதலில் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்

கோடை தொடங்கிவிட்டால் எங்கள் மருத்துவமனையில் கூட்டத்தின் தன்மையே மாறிவிடும். தடுப்பூசிக்காக மடியில் உட்கார்ந்திருக்கும் குட்டிகளுக்கு நடுவே, பெட்ஷீட்டில் சுற்றித் தூக்கிவரப்படும் பெரிய நாய்கள் அதிகமாகும். "எப்போதிலிருந்து இப்படி?" என்று கேட்டால் பதில் அநேகமாக ஒன்றுதான். "நேத்து சாயங்காலத்துல இருந்து டாக்டர். வீட்ல ஒரு மாத்திரை குடுத்தோம். கொஞ்சம் தேவலாம்போல இருந்துச்சு."

நேற்று சாயங்காலமே வந்திருந்தால் பிழைத்திருக்கும் என்று சொல்லவேண்டிய நிலை திரும்பத் திரும்ப வருகிறது. நஞ்சு தின்ற நாயின் வயிற்றில் இருப்பதை வெளியே எடுக்க எங்களுக்குக் கிடைப்பது முதல் ஒன்றிரண்டு மணி நேரம். அந்த நேரம் அடுப்படியிலும் மெடிக்கல் ஷாப்பிலும் கைப்பேசி வீடியோக்களிலும் கரைந்துவிடுகிறது. நாயின் மேல் பாசம் இல்லாதவர்கள் செய்வதல்ல இது. உயிரையே வைத்திருப்பவர்கள்தான் பதறிப்போய் கையில் கிடைத்ததைக் கரைத்து ஊற்றுகிறார்கள்.

உப்புத் தண்ணீரும் புளிக்கரைசலும்

நாய் எதையோ தின்றுவிட்டது என்றதும் வீட்டில் யாராவது ஒருவர், "உப்பைக் கரைத்து ஊற்று, வாந்தி எடுத்தால் சரியாகிவிடும்" என்பார். வாந்தி வராமல் அந்த உப்பு உள்ளேயே தங்கிவிட்டால் ரத்தத்தில் சோடியம் ஏறும்; மூளை வறண்டு வலிப்பு வரும். தின்ற நஞ்சோடு இரண்டாவதாக ஒரு நஞ்சையும் நாமே கொடுத்ததாகிறது.

புளிக்கரைசல் அதைவிட மோசம். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது பல ஆண்டுகளாகத் தெரியும். காரணம்தான் பிடிபடாமல் இருந்தது. அவற்றில் உள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கக்கூடும் என்ற கருத்து இப்போது வலுப்பெற்றிருக்கிறது. புளி தின்ற நாய்களுக்கும் அதேபோல சிறுநீரகம் செயலிழந்ததை 2022இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை பதிவு செய்தது. நம் புளியில் டார்டாரிக் அமிலம் ஏராளம். மருந்தாக நினைத்து டம்ளர் நிறையக் கரைத்து ஊற்றுவது எதை என்று இனியாவது யோசியுங்கள். மிச்சமான புளியோதரையை நாய்த் தட்டில் கொட்டுகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். சின்ன வெங்காய சாம்பார் சாதமும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும், வேகவைத்தாலும் சரி, நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

எதை ஊற்றினாலும் இன்னோர் ஆபத்து இருக்கிறது. தாடையைப் பிடித்து முகத்தை மேலே தூக்கி ஊற்றும்போது பாதி நுரையீரலுக்குள் போகும். தேங்காய் எண்ணெய் ஊற்றப்பட்டு வந்து, நஞ்சிலிருந்து தப்பித்து, நான்கு நாள் கழித்து நிமோனியாவில் போன நாய்கள் உண்டு. கழிவறை ஆசிட், மண்ணெண்ணெய் போன்றவற்றைக் குடித்த நாய்க்கு வாந்தியே வரவழைக்கக் கூடாது. உள்ளே போகும்போது சுட்ட தொண்டையை வெளியே வரும்போதும் சுடும். மூச்சுக் குழாயிலும் இறங்கும். எதற்கு வாந்தி எடுக்க வைப்பது, எதற்குக் கூடாது என்பதைத் தின்ற பொருளைப் பார்த்தே முடிவு செய்வோம். அதனால் கவரையோ டப்பாவையோ கிழிந்த துண்டாக இருந்தாலும் எடுத்து வாருங்கள்.

எலி மருந்து தின்ற நாய்க்குப் பால்

இது ஊர் முழுக்க நிலைத்துவிட்ட நம்பிக்கை. விஷத்தைப் பால் முறிக்கும் என்கிறார்கள். முறிக்காது.

கடையில் "எலி மருந்து" என்ற ஒரே பெயரில் கிடைப்பவை முற்றிலும் வேறுவேறான நஞ்சுகள். பேஸ்ட்டாக வரும் சிலவற்றில் மஞ்சள் பாஸ்பரஸ் இருக்கும். அது கொழுப்பில் கரைவது. பாலும் நெய்யும் கொடுத்தால் இன்னும் வேகமாக உடம்பில் ஏறும். கல்லீரலை அழிக்கும் இந்த நஞ்சுக்கு முறிவு மருந்து கிடையாது. கருஞ்சாம்பல் நிறப் பொடியாக வரும் ஜிங்க் பாஸ்பைடு, வயிற்று அமிலத்தோடு சேர்ந்தால் பாஸ்பீன் என்ற நச்சு வாயுவாக மாறும். எதையாவது சாப்பிடக் கொடுத்தால் அமிலம் அதிகம் சுரந்து வாயுவும் அதிகமாகும். அந்த நாயை ஏற்றிவரும் காரின் கண்ணாடிகளைத் திறந்து வையுங்கள். அது வாந்தி எடுத்தால் அந்த வாயு உங்களுக்கும் ஆபத்து.

மூன்றாவது வகை, கேக் வடிவில் வரும் புரோமாடையலோன் போன்றவை. இதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். நாய் தின்ற அன்றும் மறுநாளும் நன்றாக ஓடி விளையாடும். "ஒண்ணும் ஆகல, பாலு குடுத்தோம், முறிஞ்சிடுச்சு" என்று நிம்மதியாக இருப்பார்கள். மூன்று முதல் ஐந்து நாளுக்குள் ரத்தம் உறையும் தன்மை போய், மூக்கிலோ மலத்திலோ நெஞ்சுக்கூட்டுக்குள்ளோ ரத்தம் கசியத் தொடங்கும். வைட்டமின் கே1 என்ற நல்ல முறிவு மருந்து இதற்கு உண்டு. தின்ற அன்றே வந்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். நன்றாக இருக்கிறதே என்று வீட்டில் வைத்திருந்தால் அந்த வாய்ப்பை நாமே தொலைக்கிறோம்.

மனித மாத்திரைகள்

குழந்தைக்குக் கொடுப்பதுதானே, நாய்க்கும் கொடுக்கலாம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. 5 கிலோ எடையுள்ள பொமரேனியனுக்கு 650 மில்லிகிராம் பாராசிட்டமால் ஒன்று கொடுத்தால், அது கிலோவுக்கு 130 மில்லிகிராம். நாய்க்குக் கிலோவுக்கு 100ஐத் தொட்டாலே கல்லீரல் ஆபத்தில் இருக்கிறது என்று பொருள். ஈறு பழுப்பேறி, முகம் வீங்கி, மூச்சு வாங்க வரும் நாயைப் பார்த்ததும் நாங்கள் முதலில் கேட்பது, "காய்ச்சல் மாத்திரை கொடுத்தீர்களா?" என்றுதான். பூனைக்கு அரை மாத்திரையே எமன்.

நொண்டுகிறது என்று டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் கொடுப்பவர்கள் இன்னும் அதிகம். இரைப்பையில் புண் விழுந்து கறுப்பாக மலம் போகும், சிறுநீரகம் கெடும். அதன் பிறகு நொண்டல் ஒரு பிரச்சினையாகவே இருக்காது.

வாந்தியை நிறுத்தும் மாத்திரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சித்திரை, வைகாசியில் எங்களிடம் வரும் ஒரு தனி ரகம் மாங்கொட்டை விழுங்கிய நாய்கள். சதை ஒட்டிய கொட்டையை நாய் நக்கிக்கொண்டே இருக்கும். பிடுங்கப் போனால் பறிகொடுக்கக் கூடாதென்று அப்படியே விழுங்கிவிடும். இரண்டு மூன்று நாள் வாந்தி. மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய மாத்திரையில் வாந்தி நின்றதும் குணமாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். குடலை அடைத்த கொட்டை அங்கேயே இருக்கிறது. எக்ஸ்ரேயிலும் அது பல நேரம் தெளிவாகத் தெரியாது. வயிற்றைத் திறந்து பார்க்கும்போது கொட்டை நின்ற இடத்துக் குடல் கருநீலமாக அழுகியிருக்கும். கொட்டை மேல் நார் மட்டும் அப்படியே இருக்கும். வெட்டி ஒட்டவேண்டிய குடலின் நீளம் நீங்கள் வீட்டில் காத்திருந்த நாட்களைப் பொறுத்தது. ஆகவே மாம்பழம் சாப்பிட்ட கையோடு கொட்டையை மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போடுங்கள். சமைத்த கோழி எலும்புக்கும் இதே விதிதான்.

வயிறு உப்பினால் ஓம வாட்டர் வேண்டாம்

ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன், டாபர்மேன் என்று நெஞ்சுக்கூடு ஆழமான எந்தப் பெரிய நாய்க்கும் இது வரலாம். இரவு வயிறு முட்டச் சாப்பிட்டு, சிறிது நேரத்தில் நிலைகொள்ளாமல் நடக்கும். வாந்தி எடுக்க முயலும். நுரையைத் தவிர ஒன்றும் வராது. வயிறு மத்தளம் போல விம்மி நிற்கும். வாயு என்று ஓம வாட்டரும் ஈனோவும் கொடுக்கிறார்கள். உண்மையில் இரைப்பை தன்னைத்தானே முறுக்கிக்கொண்டிருக்கிறது. உள்ளே போவதற்கும் வழியில்லை, வெளியே வருவதற்கும் வழியில்லை. ரத்த ஓட்டம் நின்ற இரைப்பை சில மணி நேரத்தில் அழுகும். அறுவை சிகிச்சை ஒன்றே வழி. வாந்திக்கு முக்கி எதுவும் வராமல் வயிறு பெருத்தால், நள்ளிரவு இரண்டு மணி ஆனாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கத்திரி வெயில்

நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 106ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்த்து வெப்பத்தைத் தணிக்க நாயால் முடியாது. மூச்சிரைப்பதுதான் அதற்கு வழி. மூக்கு சப்பையான பக், புல்டாக், ஷிட்ஸூக்களுக்கு அந்த வழியும் குறுகல். சென்னையின் மே மாதத்தில் மதியம் மாடியில் கட்டிவைப்பதும், "அஞ்சு நிமிஷத்துல வந்துடுறேன்" என்று காரில் பூட்டிவிட்டுப் போவதும் கொலைக்குச் சமம். நிழலில் நிறுத்திய கார் என்றாலும் அதே கதிதான்.

இங்கே மட்டும் வீட்டிலேயே ஒன்று செய்யச் சொல்கிறேன். முதலில் குளிரவையுங்கள், பிறகு கிளம்புங்கள். குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி மின்விசிறிக்குக் கீழே படுக்க வையுங்கள். ஈரத் துணியால் போர்த்திவிடாதீர்கள். துணி சூடேறி வெப்பத்தை உள்ளேயே நிறுத்தும். மயங்கிக் கிடக்கும் நாயின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். வரும் வழியிலும் ஏசி ஓடட்டும்.

உண்ணிக்கு மண்ணெண்ணெய்

மண்ணெண்ணெய், பினாயில், மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தைக் கலக்காமல் அப்படியே தடவுவது என எல்லாவற்றையும் பார்க்கிறோம். தோல் வெந்து, நக்கியதில் வாயெல்லாம் நுரையாக, கைகால் நடுங்க வருகின்றன. உண்ணியோ போகவில்லை. சுவர் வெடிப்பிலும் கட்டில் சந்திலும் ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயை மட்டும் குளிப்பாட்டி அதை ஒழிக்க முடியாது. மாதாமாதம் கொடுக்கும் மாத்திரையோ சொட்டு மருந்தோ, எதுவானாலும் எடை பார்த்து மருத்துவர் எழுதித் தரட்டும்.

உண்ணிக் காய்ச்சலுக்குப் பப்பாளி இலைச் சாறு கொடுத்துக்கொண்டே ஒரு வாரம் ஓட்டுகிறார்கள். அந்தக் காய்ச்சலைத் தரும் எர்லிச்சியா என்ற கிருமிக்கு டாக்சிசைக்ளின் 28 நாள் கொடுக்க வேண்டும். ஐந்தாம் நாள் நாய் சாப்பிட்டதும் நிறுத்திவிட்டு, இரண்டு மாதம் கழித்து மூக்கில் ரத்தம் வழியக் கூட்டிவருகிறார்கள்.

பாம்பு கடித்தால்

நாயின் மூக்கிலோ முன்னங்காலிலோதான் பெரும்பாலும் கடிபடும். கட்டுப்போடுவது, கீறுவது, வேரை அரைத்து ஊற்றுவது எதுவும் வேண்டாம். நடக்கவிடாமல் தூக்கி வாருங்கள். கட்டுவிரியன் கடித்தால் வீக்கமே இருக்காது; வீக்கம் இல்லை என்பதால் பாம்பு கடிக்கவில்லை என்று ஆகாது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்துதான். மனிதருக்குப் போடும் அதே மருந்தைத்தான் நாய்க்கும் போடுகிறோம். பாம்பைத் தேடி அடித்து எடுத்து வரும் நேரத்தில் நீங்கள் பாதி தூரம் வந்திருக்கலாம்.

ஈற்றைப் பாருங்கள்

வீட்டில் நீங்கள் செய்யக்கூடிய ஒரு பரிசோதனை உண்டு. மேலுதட்டைத் தூக்கி ஈற்றைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். வெளுப்போ நீலமோ மஞ்சளோ செங்கல் நிறமோ தெரிந்தால் உடனே கிளம்புங்கள். நன்றாக இருக்கும் நாளிலேயே பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். சில நாய்களுக்கு ஈறு இயல்பிலேயே கறுப்பாக இருக்கும், அப்போது கீழ் இமையின் உள்பக்கத்தைப் பார்க்க வேண்டும். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்

இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை உங்கள் பகுதியில் எது என்பதை இன்றே விசாரித்து வையுங்கள். நாய் வலிப்பில் கிடக்கும்போது தேட வேண்டாம். மாத்திரை டப்பாவை நாய்க்கு எட்டாத அலமாரிக்கு மாற்றுங்கள். எலி மருந்தே வேண்டாம், எலிப்பொறி வாங்குங்கள். சர்க்கரை சேர்க்காத சூயிங்கம் பலவற்றில் நாய்க்கு நஞ்சான சைலிட்டால் இருக்கும். அதனால் சூயிங்கம் உள்ள கைப்பையைத் தரையில் வைக்காதீர்கள். தோட்டத்தில் அரளியும் சைக்கஸும் இருந்தால் குட்டி வளரும்வரை வேலி போடுங்கள். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் தடுப்பூசியை 16 வாரம் வரை முழுமையாகப் போட்டு முடியுங்கள். ரத்தப்பேதியோடு வரும் பார்வோவுக்குத் தயிர்சாதமும் வாழைப்பழமும் மருந்தாகாது. தீபாவளி அன்று கேட்டைப் பூட்டிக் கதவடைத்த அறையில் கூடவே இருங்கள். பயத்துக்கு மருந்து தேவைப்படும் நாய் என்றால் ஒரு வாரம் முன்பே வந்து கேளுங்கள், மனிதர்களின் தூக்க மாத்திரையைத் தொடாதீர்கள்.

செலவுக்குப் பயந்து தாமதிக்கிறவர்கள் உண்டு. அது எனக்குப் புரிகிறது. தயவுசெய்து அதை மருத்துவரிடமே வெளிப்படையாகச் சொல்லுங்கள், கைக்கு அடங்கிய வழியைச் சேர்ந்து யோசிக்கலாம். அரசு கால்நடை மருத்துவமனைகள் இருக்கின்றன, சென்னையில் வேப்பேரியில் 1903 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. என்ன தின்றது, எப்போது தின்றது, நீங்கள் என்ன கொடுத்தீர்கள் என்ற மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவோம் என்று பயந்து மறைக்க வேண்டாம், திட்ட மாட்டோம். சந்தேகம் வந்த நிமிடமே நாயைத் தூக்கிக்கொண்டு வாருங்கள்.