பாட்டியோட மருந்துப் பையில் என்ன இருக்கு? முதுமை, மூலிகை, மூணு கேள்விகள்

இன்னைக்குப் பேசப் போறது நம்ம வீட்டுப் பெரியவங்க சாப்பிடற மூலிகைகளைப் பத்தி. அறுபது வயசைத் தாண்டினவங்க போனைத் திறந்து பாருங்க. ஒரு நாள் அமுக்கரா, இன்னொரு நாள் சீந்தில், அதுக்கடுத்த நாள் சீன ஜின்செங்னு வாட்ஸப்பில் வந்துகிட்டே இருக்கும். எல்லாத்துக்கும் கீழே ஒரே வரி: "இயற்கையானது, பக்கவிளைவே கிடையாது." அந்த ஒரு வரி எவ்வளவு தூரம் உண்மைன்னு பார்க்கலாம்.

சாகாவரம் தேடினவர் கொடுத்த காய்ச்சல் மருந்து

முதுமையைத் தள்ளிப்போடுற ஆசை ரொம்பப் பழசு. சித்த மருத்துவத்தில் அதுக்குன்னே காயகற்பம்னு ஒரு பிரிவு இருக்கு. காயம்னா உடம்பு. கடுக்காய், இஞ்சி, நெல்லி எல்லாம் அதில் வரும். பழனி போகருக்கும் சீனாவுக்கும் தொடர்பு சொல்ற மரபுக் கதைகளும் நம்மகிட்ட உண்டு. கதையை விட்டுட்டாலும், நம்ம கடுக்காயும் அதிமதுரமும் சீன மருத்துவத்திலும் இருக்கு.

அங்கே 4-ஆம் நூற்றாண்டில் கே ஹோங்னு ஒருத்தர் இருந்தார். பாதரசம், தங்கம்னு வச்சுகிட்டு சாகாமல் இருக்க வழி தேடினவர். அந்த மாதிரி 'அமுத' மருந்துகளைச் சாப்பிட்டே தாங் வம்சத்து அரசர்கள் சிலர் இறந்துபோனதா வரலாற்றாசிரியர்கள் சொல்றாங்க. ஆனா அதே கே ஹோங் அவசர வைத்தியத்துக்கு ஒரு நூல் எழுதினார். காய்ச்சலுக்கு ஒரு செடியைத் தண்ணீரில் ஊறவச்சுப் பிழிஞ்சு குடிக்கணும்னு அதில் ஒரு குறிப்பு. சூடு பண்ணச் சொல்லலையேன்னு யோசிச்ச விஞ்ஞானி து யோயோ, குறைஞ்ச வெப்பத்தில் மருந்தைப் பிரிச்சார். மலேரியாவுக்கான ஆர்ட்டெமிசினின் அப்படித்தான் வந்தது. 2015-இல் அவருக்கு நோபல் பரிசு.

சாகாவரம் யாரையும் காப்பாத்தலை. காய்ச்சல் குறிப்பு காப்பாத்திச்சு. அதுவும் செடி எது, அளவு எவ்வளவுன்னு சோதிச்ச பிறகுதான். நம்ம வீட்டுக்கும் அதே மாதிரி மூணு கேள்வி போதும்.

கேள்வி 1: டப்பாவில் இருக்கிற செடி எது?

1990-களின் தொடக்கம், பெல்ஜியம். உடம்பு இளைக்க ஒரு கிளினிக்கில் சீன மூலிகை மாத்திரை கொடுத்தாங்க. சேர்க்க வேண்டிய மூலிகைக்குப் பதிலா, சீனப் பேரில் அதை ஒத்த வேற செடி கலந்துடுச்சு. 100 பேருக்கு மேல் கிட்னி பாதிப்பு. அதில் பலருக்குப் பிறகு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. காரணம் அந்தச் செடியில் இருந்த அரிஸ்டோலோக்கிக் அமிலம்.

எங்கேயோ பெல்ஜியத்தில் நடந்ததுன்னு விட்டுட முடியாது. கரிசல் காட்டில் வளர்ற ஆடுதீண்டாப்பாளை அதே பேரினம். ஈஸ்வரமூலியும் அப்படித்தான். ஆடு கூட வாய் வைக்காதுன்னு பேரிலேயே எச்சரிக்கை இருக்கு. இந்த வகைச் செடிகளை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான முதல் பிரிவில் வச்சிருக்கு. சாப்பிடும்போது ஒண்ணும் தெரியாது. தெரியும்போது கிட்னி பாதி போயிருக்கும்.

சீந்திலும் அப்படி ஒரு விவாதத்தில் மாட்டிச்சு. 2020 கடைசியில் மும்பையில் சீந்தில் சாப்பிட்ட ஆறு பேருக்கு ஈரல் பாதிப்புன்னு மருத்துவர்கள் எழுதினாங்க. அது சீந்தில் மாதிரியே இருக்கிற வேற கொடியா இருக்கலாம்னு ஆயுஷ் அமைச்சகம் பதில் சொன்னது. யார் சொன்னது சரியா இருந்தாலும் நமக்குப் பாடம் ஒண்ணுதான்: பேரும் உரிம எண்ணும் இல்லாத பொடியில் என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது.

கேள்வி 2: கூட வேற என்ன சாப்பிடறாங்க?

எங்க பாட்டி ஊர் சிறுவாச்சூர். பெரம்பலூரில் இருந்து திருச்சி போற வழியில் இருக்கு. மதுரகாளியம்மன் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும், அன்னைக்கு ஊரே கூட்டமா இருக்கும். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை பாட்டி ஒரு பொடி வாங்கினாங்க. தொண்டைக்கும் நல்லது, தெம்பும் வரும்னு சொல்லிக் கொடுத்தாங்களாம். ரெண்டு மாசம் தினமும் பாலில் கலந்து குடிச்சாங்க. கால் வீங்கிச்சு, பி.பி. ஏறிச்சு, மாடிப்படி ஏறினா தொடை நடுங்கிச்சு. வயசாயிடுச்சுன்னு எல்லாரும் முடிவே பண்ணிட்டாங்க. ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் ரொம்பக் கம்மி. "வேற என்னம்மா சாப்பிடறீங்க?"ன்னு டாக்டர் கேட்ட பிறகுதான் பொடி வெளியே வந்தது. முக்கால்வாசி அதிமதுரம்.

அதிமதுரம் கெட்ட பொருள் இல்லை. தொண்டை கரகரப்புக்கு ரெண்டு நாள் சுவைச்சா ஒண்ணும் ஆகாது. ஆனா அதிகமா, தினமும் எடுத்தா உடம்பு உப்பைப் பிடிச்சு வைக்கும், பொட்டாசியத்தை வெளியேத்தும். பாட்டி பி.பி.க்கு சாப்பிட்ட நீர் பிரியற மாத்திரையும் பொட்டாசியத்தை வெளியேத்தும். ரெண்டும் ஒரே பக்கம் இழுத்துச்சு. பொடியை நிறுத்தி, மருந்தைச் சரி பண்ணினதும் சில வாரத்தில் பாட்டி தேறிட்டாங்க.

இந்த மாதிரி இன்னும் சில உண்டு. அமுக்கரா தைராய்டு அளவை மாத்தலாம். பூண்டு மாத்திரை, ஜின்கோ மாதிரியானவை ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற மருந்தோட சேர்ந்தா ரத்தக்கசிவு வரலாம்.

கேள்வி 3: எதை நிறுத்தினாங்க?

எனக்கு அதிகம் பயம் தர்ற கேள்வி இதுதான். பொடி ஆரம்பிச்சதும் சுகர் மாத்திரையை யாருக்கும் சொல்லாமல் நிறுத்திடறவங்க உண்டு. சுகர் வலிக்காது. அதனால பொடி வேலை செய்யுதுன்னு தோணும். கண்ணும் கிட்னியும் சத்தமில்லாமல் கெட்டுகிட்டு இருக்கும்.

அப்போ எதுவுமே வேண்டாமா?

அப்படி இல்லை. சித்த மருத்துவம் பார்க்கணும்னா பி.எஸ்.எம்.எஸ். படிச்ச மருத்துவரைப் பாருங்க. மாவட்ட அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவு இருக்கு, தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கு. ஆங்கில மருந்து என்னென்ன சாப்பிடறாங்கன்னு அவங்ககிட்டயும் சொல்லுங்க.

சீனாவில் இருந்து ஒண்ணு எடுத்துக்கணும்னா, தாய் சி எடுத்துக்கலாம். மெதுவா கால் மாத்தி நிக்கிற அந்தப் பயிற்சி வயசானவங்க கீழே விழறதைக் குறைக்குதுன்னு ஆய்வுகள் காட்டுது. இடுப்பு எலும்பு முறிஞ்சு படுக்கையில் விழறதைத் தடுக்கிறதை விடப் பெரிய காயகற்பம் ஏது?

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை பண்ணுங்க. அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி சாப்பிடற மாத்திரை, பொடி, லேகியம் எல்லாத்தையும் மேசையில் பரப்பி ஒரு போட்டோ எடுங்க. திட்டாதீங்க, திட்டினா அடுத்த தடவை ஒளிச்சு வைப்பாங்க. அடுத்து டாக்டரைப் பார்க்கப் போகும்போது அந்தப் போட்டோவை மட்டும் காட்டுங்க.