ஒரே தோட்டம், நான்கு கல்லாப்பெட்டி!

எங்கள் தோட்டத்தில் தென்னை, மூன்று கறவை மாடு, தீவனப்புல், நாற்றுப்பண்ணை எல்லாம் உண்டு. பணமெல்லாம் ஒரே பெட்டிக்குள் விழும். எது சம்பாதிக்கிறது, எது தின்கிறது? வாங்கிய கம்ப்யூட்டர் இதற்குப் பதில் சொல்லும். தேவை எக்ஸெல் மட்டுமே. இல்லையென்றால் இலவச லிப்ரே ஆபீஸ் கால்க் போதும்.

தொழிலுக்கு ஒரு ஷீட் என்று பிரிக்காதீர்கள், கூட்டிப் பார்ப்பது தொல்லை. ஒரே ஷீட்டில் தேதி, தொழில், விவரம், வரவு, செலவு என ஐந்து காலம் போதும். தொழிலின் பெயரை எப்போதும் ஒரே மாதிரி டைப் செய்யுங்கள். ஓரிடத்தில் "மாடு", இன்னோரிடத்தில் "மாடுகள்" என்றால் கம்ப்யூட்டருக்கு அவை இரண்டு தொழில்!

சூட்சுமம் இனிமேல்தான். நம் புல்லை நம் மாடு தின்றால் காசு கைமாறுவதில்லை. ஆனாலும் சந்தை விலை போட்டு இரண்டு வரி எழுதுங்கள்: தீவனத்துக்கு வரவு, மாட்டுக்கு அதே தொகை செலவு. தென்னைக்குப் போகும் சாணத்துக்கும் இப்படியே. வரவும் செலவும் சமம் என்பதால் குடும்பத்தின் மொத்த லாபம் மாறாது.

மாதக் கடைசியில் இன்செர்ட் மெனுவில் பிவட் டேபிள் எடுத்து, தொழிலை ரோஸ் பகுதிக்கும் வரவு, செலவை வேல்யூஸ் பகுதிக்கும் இழுத்து விடுங்கள். சம் என்பதற்குப் பதில் கவுன்ட் என்று வந்தால் மாற்றிக் கொள்ளவும். புது வரி சேர்த்தால் டேபிளில் ரைட் கிளிக் செய்து ரெஃப்ரெஷ் கொடுக்கவும்.

ஒரு மாதம் எங்களுக்கு வந்த கணக்கு இது. பால் வரவு ரூ.24,000. புண்ணாக்கு, மருந்துச் செலவு ரூ.13,000. மீதி ரூ.11,000. "அண்ணே, கடன் வாங்கி இன்னும் ரெண்டு மாடு பிடிக்கலாம்" என்றான் தம்பி. புல், வைக்கோலுக்கு ரூ.9,500 கழித்து, சாணத்துக்கு ரூ.1,500 கூட்டினால் நின்றது ரூ.3,000. இருட்டோடு எழுந்து பால் கறக்கும் அம்மாவுக்கு நாளொன்றுக்கு நூறு ரூபாய்தான்! ஆளுக்கு வைத்தால் அந்தக் கூலிக்கு யார் வருவார்கள்? தம்பி இப்போது கடன் பேச்சை எடுப்பதில்லை. புல்லை வெளியே விற்றால் என்ன என்று விசாரித்துக் கொண்டிருக்கிறான்.

வரிக்கும் இந்தப் பிரிவு உதவும். தேங்காயும் நாற்றும் விவசாய வருமானம். பால் வருமானம் வருமான வரிச் சட்டப்படி அப்படியல்ல. ஆடிட்டர் கேட்டால் பிவட் டேபிளை பிரின்ட் எடுத்து நீட்டலாம்.

பைலை வாரம் ஒருமுறை பென் டிரைவிலும் காப்பி செய்து வையுங்கள்.