உள்ளங்கை வியர்வை

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசியில் விசிறிக்கு வேலையில்லை. ஆரியங்காவுக் கணவாய் வழியே பாய்ந்துவரும் மேல்காற்று, காசி விசுவநாதர் கோயிற் கோபுர வாயிலில் நிற்போரின் அங்கவஸ்திரத்தைப் பறிக்கும் வேகத்துடன் வீசுகிறது. அக்காற்றில் நின்றும், கைக்குட்டையால் உள்ளங்கையை ஓயாது துடைத்துக்கொண்டிருக்கும் வாலிபனைக் கண்டால் நம்மவர் என்ன சொல்வர்? பயங்கொள்ளி என்பார் ஒருவர். ஏதோ குற்றம் புரிந்தவன் என்பார் மற்றொருவர். இரண்டும் அநீதியே.

மனித சரீரத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகுங்கால் சுமார் 580 கிலோகலோரி உஷ்ணம் உடம்பைவிட்டு நீங்குகிறது. காற்றில் ஈரம் மிகுந்து அசைவும் நின்றுவிட்டால் வியர்வை வழியுமேயன்றி ஆவியாகாது. சாரல் ஓய்ந்த நாட்களில் குற்றாலவாசிகள் படும் புழுக்கம் இதுவே. ஆனால் உள்ளங்கை, உள்ளங்கால்களின் வியர்வை வேறு வகை. அது வெயிலுக்கன்று, மனக்கிளர்ச்சிக்கே மிகுதியாகச் சுரப்பது என்பதை ஜப்பானியப் பேராசிரியர் யாஸ் குனோ ஆராய்ந்து, 1934-ல் வெளியிட்ட நூலில் விளக்கினார். ஆகவே ஐந்தருவியில் நனைந்து வந்தவனுக்கும் கை வியர்க்கும்.

இவ்வுபாதை உள்ளவர்க்குச் சுரப்பிகளில் குறையில்லை. அவற்றை ஏவும் பரிவு நரம்புகளே அளவுமீறித் தூண்டப்படுகின்றன. பால்யத்திலோ வாலிபத்திலோ தொடங்கும், குடும்பத்தில் வேறு சிலருக்கும் இருக்கும், இரு கைகளிலும் ஒப்ப வரும், உறக்கத்தில் நின்றுவிடும். நடுவயதில் புதிதாய் உடம்பெல்லாம் வியர்த்து, இரவில் படுக்கை நனைந்து, காய்ச்சலும் இளைப்பும் கண்டால் அது வேறு விஷயம். க்ஷயமோ, தைராய்டுக் கோளாறோ என்று வைத்தியரிடம் உடனே பரிசோதித்தல் வேண்டும்.

வக்கீல் தொழிலில் நாம் கண்டது ஒன்று. கூண்டேறிய சாட்சியின் கை நனைந்திருந்தால் எதிர்க்கட்சி வக்கீலுக்குக் கொண்டாட்டம். சாட்சியின் நடத்தையை நீதிபதி குறித்துக்கொள்ளச் சட்டம் இடந்தருகிறது, வாஸ்தவமே. ஆயின் நரம்பு செய்யும் வேலையைப் பொய்க்குச் சான்றாக்குவது எங்ஙனம் நியாயமாகும்? பரீக்ஷைத்தாள் நனைந்து மை கலைவதும், விரல்ரேகை இயந்திரம் ஈரவிரலை ஏற்க மறுப்பதும் இவர்கள் அனுபவிக்கும் சிறு தண்டனைகள்.

பரிகாரம் உண்டு. அலுமினியம் குளோரைடு கலந்த திரவத்தை இரவில், நன்கு உலர்ந்த தோலில் பூசிக் காலையில் கழுவுதல் முதற்படி, எரிச்சல் காணலாம். அடுத்தது, தண்ணீர்த் தட்டில் கைகளை வைத்து மெல்லிய மின்சாரம் செலுத்துதல்; கர்ப்பிணிகளுக்கும் இருதயத்தில் மின்கருவி பொருத்தியோர்க்கும் இது ஆகாது. அக்குளுக்கு போட்யூலினம் ஊசி போடுவதை அமெரிக்க மருந்து நிர்வாகம் 2004-ல் அனுமதித்தது. பலன் சில மாதங்களே, செலவோ அதிகம். மாத்திரைகளால் வாய் உலரும். மார்பினுள் நரம்பைத் துண்டிக்கும் சஸ்திர சிகிச்சையில் கை உலர்ந்து, முதுகும் வயிறும் வியர்க்கத் தொடங்குவதுண்டு. அதற்கு அவசரப்படுவோர் இதனை முன்னரே கேட்டறிய வேண்டும்.

கை நனைந்த வாலிபர்கள் வெட்கத்தால் வைத்தியரை நாடாமல் பல ஆண்டுகளைக் கழித்துவிடுகின்றனர். திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தென்காசியிலிருந்து ரயிலேறினால் எட்டும் தூரத்திலேயே இருக்கிறது. அங்கே சரும வைத்தியர்கள் இருக்கின்றனர்.