சிறகிழந்த வண்டும் நிலத்தின் வரலாறும்

வண்டு என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே மலர்தோறும் பறந்து தேனுண்ணும் உயிரே தமிழர் நெஞ்சில் தோன்றும். புலவர் பாடிய வண்டு பெரும்பாலும் தேனீயின் உறவு. உயிர்நூலார் வண்டென வகுத்த வருணமோ வேறு. முன்னிரு சிறகுகளும் தடித்து உறைபோலாகிப் பின்னிரு சிறகுகளையும் மூடிக் காக்கும் பூச்சிகளே அதில் அடங்குவன. அவற்றுள்ளும் பறக்கும் ஆற்றலை முற்றாக இழந்து, காட்டுநிலத்தில் ஓடித் திரிவன சில உள. சிறகிழத்தல் ஓர் உயிருக்குக் குறையெனவே தோன்றும். ஆயின் அக்குறையே அவ்வுயிரைத் தான் வாழும் நிலத்தின் வரலாற்றுக்குச் சான்றாக்கி நிற்றலும் உண்டு. யப்பான் நாட்டு நத்தையுண்ணி வண்டு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

தரைவண்டுக் குடும்பம் ஏறத்தாழ 40,000 இனங்களைக் கொண்டது. அதன் தலையாய சாதிக்குக் ‘கராபஸ்’ என்னும் பெயரை 1758ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் வழங்கினார். யப்பானிய வண்டினை 1836இல் வியன்னா நகரத்து வின்சென்ஸ் கொல்லார் என்பார் ‘டமாஸ்டர் பிளாப்டாய்டஸ்’ எனப் பெயரிட்டு விளக்கினார். ஒடுங்கி நீண்ட தலையும் நெஞ்சறையும், பின்னே கூர்ந்து முடியும் உறைச்சிறகும் கண்டு அதனைத் தனிச்சாதியாகக் கொண்டனர் பலர். இன்றோ அதனைக் கராபஸ் சாதியின் உட்பிரிவாகக் கொள்வாரே மிகுதி. பழைய வகுப்பையே பேணுவாரும் உளர். யப்பானியர் இதனை ‘மைமைகபுரி’ என்பர். ‘மைமை’ என்பது நத்தை. ‘கபுரி’ என்பது தலையில் அணிதல். நத்தையின் ஓட்டினுள் தலையை நுழைத்து உண்ணும்போது ஓட்டையே தொப்பியாக அணிந்ததுபோல் தோன்றலின் இப்பெயர் வந்ததென்பர்.

இவ்வண்டு பகலில் இலைச்சருகின் கீழும் வீழ்ந்த மரங்களின் கீழும் மறைந்திருந்து இரவிலே இரைதேடும். நத்தையைக் கண்டதும் கூரிய தாடைகளாற் கவ்வி, செரிமான நீரை அதன் மீது உமிழ்ந்து, தசை கரைந்து கூழாகியபின் அதனை உட்கொள்ளும். மண்ணில் இடப்படும் முட்டையிலிருந்து வெளிவரும் கரிய குடம்பியும் நத்தையையே தின்று வளரும். மண்ணுள்ளே கூட்டுப்புழுவாகிப் பின் வண்டாகும். குளிர்காலத்தை உக்கிய மரத்தினுள்ளோ மண்ணினுள்ளோ உறங்கிக் கழிக்கும். பகைவர் அணுகின் வயிற்றின் கடையிலிருந்து மெதாக்ரிலிக் அமிலம் கலந்த காரநீரைப் பீச்சும். பறந்து தப்பவியலாத உயிருக்கு ஓட்டமும் இந்நீருமே காவல்.

நத்தையை உண்ணும் முறை இருவகைப்படும். தலையை ஓட்டின் வாயினுள் நுழைத்தல் ஒன்று; ஓட்டைத் தாடையால் உடைத்தல் மற்றொன்று. முன்னதற்கு ஒடுங்கிய தலையும், பின்னதற்குத் தசை நிறைந்த பருத்த தலையும் வேண்டும். ஒருங்கே இரண்டும் வாய்த்தல் அரிது. பெருநிலமாகிய ஒன்சூத் தீவில் வாழ்வன ஒடுங்கிய தலையுடையன. சாதோத் தீவில் வாழ்வனவோ பருத்த தலையுடையன. ஓட்டை உடைப்பதில் பருத்த தலையும், உள்ளே நுழைவதில் ஒடுங்கிய தலையும் வல்லன என்பது 2007இல் வெளியான ஆய்வொன்றால் தெளிவாயிற்று.

இனி, சிறகு ஏன் அழிந்தது? இவ்வண்டின் உறைச்சிறகுகள் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தி இறுகிவிட்டன. பின்சிறகுகளோ தேய்ந்து பயனற்றுப் போயின. வொலஸ்டன் என்பார் மடேராத் தீவில் திரட்டிய 550 வண்டினங்களுள் 200 பறக்கவியலாதன என்பதை டார்வின் 1859இல் வெளியிட்ட தம் நூலில் எடுத்துக்காட்டினார். பறப்பன காற்றாற் கடலில் வீழ்த்தப்பட, பறவாதன எஞ்சின என்பது அவர் தந்த காரணங்களுள் ஒன்று. 1943இல் அமெரிக்க அறிஞர் டார்லிங்டன் இதனை மறுத்து, காற்றைவிட வாழிடத்தின் நிலைபேறே முதன்மையானது என வாதிட்டார். வற்றும் குளக்கரையில் வாழ்வது இடம்பெயரச் சிறகு வேண்டும். என்றும் மாறாத காட்டில் உணவும் நிழலும் அருகே கிடைப்பின் சிறகும் பறத்தற்றசையும் வீண்செலவாகும். அச்செலவு மிஞ்சுவது இனப்பெருக்கத்துக்கு உதவும். ஆகவே, சிறகிழந்த வண்டு நெடுங்காலம் நிலைத்த காட்டின் குழந்தை எனலாம்.

பறவாத உயிர் மலையையும் கடலையும் கடத்தல் அரிது. ஆதலின் ஒவ்வொரு தீவிலும் ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் தனித்தனியே வேறுபடத் தொடங்குகிறது. வட கோடியிலுள்ள ஒக்கைடோவில் இவ்வண்டு சிறிதாய், தலையும் நெஞ்சறையும் உலோகம்போல் ஒளிர்வதாய் இருக்கும்; மேற்கிலோ பெரிதாய்க் கரிதாய் விளங்கும். 1990களில் ஒசாவா முதலிய யப்பானிய ஆய்வாளர் பல இடங்களிலிருந்தும் திரட்டிய வண்டுகளின் இழைமணி டீ.என்.ஏ.யை ஒப்பிட்டனர். உருவால் வகுத்த துணையினங்களுக்கு அடியில் கிழக்கு, மேற்கு என இரு பெருங்கிளைகள் உள்ளமை புலனாயிற்று. ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் யப்பானிய நிலம் ஆசியாவினின்று இரு கதவுகள் திறப்பதுபோல் விலகியது என நிலவியலார் கூறுவர். அவ்விலகலே இக்கிளைகளைப் பிரித்ததென ஆய்வாளர் கருதினர். காலக் கணக்கில் கருத்து வேறுபாடு உண்டு. எனினும் வண்டின் கிளைகள் நிலத்தின் பிளவுகளைத் தழுவி நிற்கின்றன என்பது எண்ணத்தக்கது.

இங்ஙனம் வேறுபட்டவற்றை ஓரினம் எனலாமா? ஒன்சூ வண்டையும் சாதோ வண்டையும் கலந்து ஆய்வுகூடத்திற் குட்டிமரபு பெற்றுள்ளனர். உருவம் பெரிதும் வேறுபடினும் உறவு அறவே அறுந்திலது என்பதே இதன் பொருள். இனம் என்பது முடிந்த முடிபன்று, நிகழ்ந்துகொண்டிருக்கும் ஒரு நிகழ்ச்சி என்பதை இவ்வண்டு உணர்த்துகின்றது. யப்பானியச் சித்திரக்கதை மேதை தெசூகா ஒசாமு (1928–1989) தரைவண்டின் மீது கொண்ட விருப்பால் ‘ஒசாமுஷி’ என்னும் அதன் பெயரையே தம் புனைபெயருக்கு மூலமாக்கினார் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

காட்டை நம்பிச் சிறகைத் துறந்த உயிருக்குக் காடு அழியின் போக்கிடமில்லை. பறக்கும் பூச்சி அடுத்த காட்டை நாடும். இதற்கோ அகன்றதொரு வீதியும் மதிலாகும். ஒரு பள்ளத்தாக்கில் இது ஒருமுறை அற்றுப்போயின், அயற்காட்டிலிருந்து வந்து நிரப்புவாரில்லை. அழிவது ஒரு பூச்சி மாத்திரமன்று. அந்நிலம் தன் கடந்தகாலத்தை எழுதிவைத்த ஏட்டின் ஓர் இதழும் உடனழியும். அவ்விதழை மீண்டும் எழுத எவராலும் இயலாது.