பழைய கேரவன் வாங்குகிறீர்களா? முதலில் தரையைப் பாருங்கள்!

கோவை ஆர்.எஸ்.புரம் டி.பி. ரோடு, டி.வி. சாமி ரோடு பக்கம் ரிட்டயர்டு ஆனவர்களிடையே இப்போது ஒரு புதுப் பேச்சு. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, பழைய கேரவன் ஒன்றை வாங்கி வருஷம் முழுக்க ஊர் சுற்றலாமே என்கிறார்கள். நல்ல ஆசைதான். ரோட்டிலேயே வாழ்வது கொங்குச் சீமைக்குப் புதுசும் அல்ல. ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளோடு வட மாநிலங்களுக்குப் போகிறவர்கள் மாதக்கணக்கில் வண்டியோரம் சமைத்துச் சாப்பிட்டு, அங்கேயே படுத்து எழுகிறார்கள். ஆனால் அவர்கள் தூங்குவது காற்றாட. நாம் வாங்கப் போவதோ கதவடைத்து, ஏ.சி. போட்டுத் தூங்கும் வண்டி. என் கவலையெல்லாம் இந்த இடத்தில்தான்.

பழைய வண்டி விற்கும் கன்சல்டிங்காரர்கள் காட்டுவதில் பெரும்பாலானவை டூரிஸ்டுக்கோ பள்ளிக்கோ ஓடி ஓய்ந்து, பிறகு கட்டில், சிங்க், டாய்லெட் வைத்து மாற்றப்பட்ட டிராவலர் வேன்கள். ஷூட்டிங்கில் நடிகர்களுக்கு நின்ற வண்டியும் வரும். 2021-ல் கேரள அரசு கேரவன் சுற்றுலாத் திட்டம் அறிவித்த பிறகு பாலக்காட்டுக்கு அந்தப் பக்கமும் தேடிப் பார்க்கிறார்கள்.

பேப்பர் விஷயம் பலருக்கும் தெரிந்ததுதான். ஆர்.சி.யில் வண்டி வகை ‘கேம்பர் வேன்’ என்று மாறியிருக்கிறதா என்பதை மட்டும் கண்ணால் பார்த்துவிடுங்கள். கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. ஆர்.சி.யில் பயணிகள் வேன், உள்ளே படுக்கையறை என்றிருந்தால் நாளைக்கு இன்ஷூரன்ஸ் கேட்கும்போது கை விரிப்பார்கள். கேரள வண்டி என்றால் அங்கிருந்து என்.ஓ.சி. வாங்கி, இங்கே வரி கட்டி, டி.என். நம்பருக்கு மாற்றவேண்டும். டெல்லி வரை போகிற திட்டமிருந்தால் 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டிக்கு அங்கே நிலவரம் என்ன என்று விசாரித்துக்கொள்ளுங்கள். 2015-லிருந்து அது பசுமைத் தீர்ப்பாயம், உச்ச நீதிமன்றம் என்று நீளும் பிரச்சினை.

இனி தரைக்கு வருவோம். மேட்டுப்பாளையம் ரோட்டுப் பட்டறை ஒன்றில், ஆர்.எஸ்.புரம் தம்பதி விலை பேசிய வேன் ஒன்றைப் பள்ளத்தின் மேல் நிறுத்தினார்கள். உள்ளே தேக்கு நிறத்தில் பளபளப்பு, மெத்தை, குட்டி ஃப்ரிட்ஜ். அந்த அம்மாவுக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. கீழே டார்ச் அடித்த டிங்கரிங்காரர், “ஏனுங்க சார், இங்க வந்து பாருங்க” என்று கூப்பிட்டார். கழிவு நீர்க் குழாய்க்காகத் தரைத் தகட்டில் போட்ட ஓட்டை, குழாயைவிட இரண்டு விரல் அகலம். சுற்றிலும் ரப்பர் இல்லை, சீலன்ட் இல்லை. ஜெனரேட்டர் ஒயர் ஏறுகிற இடத்திலும் அப்படியே. சைலன்ஸர் குழாயில் துரு. விரலால் தட்டினால் பொடி உதிர்ந்தது. “மேல ப்ளைவுட் போட்டு மறைச்சுட்டாங்க. புகை நேரா கட்டிலுக்கடியில வரும்ங்க.”

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். காயமில்லை. ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு, தரையிலிருந்த ஓட்டை வழியே உள்ளே ஏறியிருந்தது. கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் அதே வண்டியில் ஜெனரேட்டரை ஓட்டிப் பார்த்தபோது, இரண்டு மணி நேரத்தில் வாயுவின் அளவு 900 பி.பி.எம்.மைத் தாண்டியது. ஒரு மணி நேரத்துக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு சுமார் 30. அந்த வாயுவுக்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்ளும். லேசான தலைவலியோடு தூங்கப் போகிறவர் எழுந்திருக்காமலே போகலாம்.

கேரவன் வாங்குகிற காசுக்கு வருஷக்கணக்கில் லாட்ஜிலேயே தங்கலாம் என்பவர்கள் உண்டு; அவர்கள் கணக்கிலும் நியாயம் இருக்கிறது. வாங்கியே தீருவது என்று முடிவு செய்தவர்கள் அட்வான்ஸ் கொடுக்குமுன் வண்டியைப் பட்டறைப் பள்ளத்தின் மேல் நிறுத்தி, ஒவ்வொரு ஓட்டையையும் பார்க்கவேண்டும். ஜன்னலைச் சாத்தி, யாரும் உள்ளே இல்லாமல், கட்டில் மேல் கார்பன் மோனாக்சைடு மீட்டரை வைத்துவிட்டு, எஞ்சினை அரை மணி நேரம், ஜெனரேட்டரை அரை மணி நேரம் ஓட்டவேண்டும். முள் நகர்ந்தால் பேரம் பேசாதீர்கள். இந்தச் சோதனைக்கு ஒப்புக்கொள்ளாத விற்பனையாளரிடம் வண்டியே வாங்கவேண்டாம். பேட்டரியிலும் சோலாரிலும் ஃபேன் ஓடுகிற வண்டிக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கேட்டால் கொடுக்கலாம். ராத்திரி ஜெனரேட்டரே தேவைப்படாது. ஊட்டிக் குளிருக்குக் கரி அடுப்பை உள்ளே எடுத்துவைக்கிற பழக்கமும் இதே ஆபத்துதான்.

எஃப்.சி. (தகுதிச் சான்று) சோதனையில் பிரேக் பார்க்கிறார்கள், லைட் பார்க்கிறார்கள், வெளியே போகும் புகையை அளக்கிறார்கள். ஆள் படுத்துத் தூங்குவதற்கென்றே பதிவான வண்டிக்குள் என்ன காற்று இருக்கிறது என்பதையும் அதே இடத்தில் அளக்கவேண்டும். ஒரு மீட்டர், ஒரு மணி நேரம். கை மாறும் ஒவ்வொரு கேரவனுக்கும் இதைக் கட்டாயமாக்க இன்னொரு வடகரை நடக்கும்வரை காத்திருக்கக் கூடாது.